நியூ ஃபோல்டர் ஏழு

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, கணினி பழுது பார்க்கும் பெண்ணிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதில் பிறந்தது. அதற்கு முன்பே ஒரு தொடக்கம் வைத்திருந்தேன்:

அக்கா பேச ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பது

(இத்தோடு நின்றுவிட்டது. செத்துப்போனவளைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதலாமா என்று சந்தேகம். இதையே மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தேன், அக்காவின் கணினியிலேயே.)

2.
அக்காவுக்கு எதற்கும் பெயர் வைக்கப் பொறுமை கிடையாது. நியூ ஃபோல்டர் ஒன்று, இரண்டு என்று வரிசையாக நிற்கும். கணினியை எனக்குக் கொடுக்குமுன் அத்தான் அவற்றை மொத்தமாக அழித்துவிட்டார். அக்கா மகள்தான் பிறகு கேட்டாள், “ஏழாவதுல அம்மா எனக்காகப் பேசி வெச்சிருந்தாங்களே, எங்க?”

“எல்லாம் காலின்னு நெனச்சுட்டேன் மாப்ள,” என்றார் அத்தான். (அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பாவம், அழுதுகொண்டிருந்தார்.)

3.
பழுது பார்ப்பவள் விளக்கினாள். “அழிச்சா உடனே போயிடாது சார். ஃபோல்டர்ல இருக்கறது பேரும் விலாசமும்தான். அதை எடுத்துட்டு, இடம் காலின்னு மிஷின் குறிச்சு வெச்சுக்கும். வேற ஏதாவது வந்து உக்கார்ற வரைக்கும் பழசு அங்கயேதான் கெடக்கும். அப்புறமா அதுல எதுவும் எழுதலையே?”

“ஒரு கதை...” என்று இழுத்தேன்.

“கதை எழுத உங்களுக்கு வேற இடமே கெடைக்கலையா?”

4.
முதல் முடிவு: குரல் முழுதாகக் கிடைக்கிறது. எழுதி, வெட்கப்பட்டுக் கிழித்தேன். (இப்போதெல்லாம் காகிதம்தான். புத்தி வந்துவிட்டது.)

இரண்டாவது: ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுகூடத் தேவலை.

நடந்தது இது. அக்காவின் குரல் வந்தது. “கண்ணு, நீ பெரியவளானதும் அம்மா சொல்லணும்னு நெனச்சது ஒண்ணே ஒண்ணுதான்...” அதற்கு மேல் வெறும் கரகரப்பு. அங்கே உட்கார்ந்திருப்பவை என் வரைவுகள்.

அக்கா மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “அப்புறம் அம்மா என்ன மாமா சொன்னாங்க?”

5.
ஒரு வாக்கியம் போதும். அக்காவின் பேச்சு எனக்கு அத்துப்படி. நான் சொன்னால் குழந்தை நம்பிவிடும். வாசகரே, உங்களுக்கும் இந்நேரம் ஒன்று தோன்றியிருக்கும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். எனக்கும் நாக்கு நுனியில் நிற்கிறது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்த இடத்தில் நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன்.