நனையட்டும் என்று போட்ட அட்டை

1

இந்தக் கதை எனக்குத் துணி காயப்போடும் கொடியில் கிடைத்தது. மூக்கண்டப்பள்ளியில் ஓர் அச்சகத்துக்கு அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கப் போயிருந்தேன். நல்ல மழை. பின்பக்கக் கொடியில் பத்துப் பதினைந்து கெட்டிக் காகித அட்டைகள் கிளிப் மாட்டித் தொங்கின. எல்லாவற்றிலும் வட்டத்துக்குள் வட்டம், நடுவில் கறுப்புப் பொட்டு. எடுக்க ஆளில்லை. எனக்குப் பதறிவிட்டது.

"அம்மா, பேப்பரெல்லாம் நனையுதுங்க."

இஸ்திரிப் பெட்டியும் கையுமாக எட்டிப் பார்த்த பெண் சொன்னார்: "நனையட்டும்னுதான் சார் போட்டிருக்கறன்."

அவர்தான் முனவர் பேகம். அவரும் கணவர் ஃபக்ருதீனும் நடத்துகிற அச்சகம் அது. தொங்கியவை துப்பாக்கி சுடும் பயிற்சிக்கான டார்கெட் அட்டைகள்.

[முதல் வரைவில் நான் இல்லை. ஆனால் நான் பதறாவிட்டால் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டார். ஆகவே இருந்து தொலைக்கிறேன்.]

2

தொடக்கம், முதல் முயற்சி: "மழை பெய்துகொண்டிருந்தது. முனவர் பேகத்தின் மனத்திலும் ஒரு"

போதும். மனத்தில் மழை பெய்கிற கதைகளை நானே வேண்டிய மட்டும் எழுதியாயிற்று. இந்தக் கதையில் மழை வெளியில்தான் பெய்கிறது.

இரண்டாம் முயற்சி: "குந்தாரப்பள்ளிக்கு அப்பால், கைவிட்ட கல்குவாரியில் ஒரு ரைபிள் கிளப் இருந்தது." உயிரில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். அங்கே சுடுகிறவர்களின் தலைக்கு மேல் தகரக் கூரை உண்டு. எதிரே அட்டை மட்டும் மழையில் நிற்கும். மாநிலப் போட்டிக்குக் கல்லூரிப் பிள்ளைகளைப் பொறுக்கும் தேர்வு ஐப்பசியில் வரும். போன வருடம் அட்டைகள் ஊறிய அப்பளமாகிவிட்டன. அதனால்தான் கிளப்பின் நடுவர் அண்ணாதுரை இவர்களைத் தேடி வந்தார்.

3

ஃபக்ருதீன் முதலில் ஃப்ளெக்ஸில் அடித்துப் பார்த்தார். குண்டு போனதும் பிளாஸ்டிக் சுருங்கி, ஓட்டை ஊசிமுனை அளவாயிற்று. அடுத்து லேமினேஷன். அது பளபளத்துக் கண்ணைக் கூசவைத்தது. போதாததற்கு முதல் குண்டு பட்டதுமே ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் அட்டை உப்பியது.

"மேல பூசுனா பத்தாதுங்க," என்றார் முனவர். "குண்டு பட்டா மேல்பூச்சு போயிடுதில்ல? அடிபட்ட எடமும் நனையக் கூடாது."

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வந்தேன். முப்பது வருடமாக எழுதுகிறேன், இப்படி ஒன்று எனக்குத் தோன்றியதில்லை.

அவர் மெழுகைத் துருவி அட்டைமேல் தூவினார். மேலே பழைய செய்தித்தாளை விரித்து இஸ்திரி போட்டார். சூட்டில் மெழுகு அட்டையின் உடம்புக்குள் இறங்கியது. மிச்சத்தைச் செய்தித்தாள் குடித்துக்கொண்டது. அட்டையை எங்கே கிழித்தாலும் உள்ளேயும் மெழுகு. முந்நூறு அட்டை, இரண்டு பக்கமும்.

"ஒரு சட்டைக்கு இஸ்திரி கெடையாது இந்த வீட்டுல," என்று ஃபக்ருதீன் அலுத்துக்கொண்டார். தெருத்தெருவாகப் போய்ச் செய்தித்தாள் சேர்த்து வந்தவரும் அவர்தான்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: கொடியிலிருந்து ஓர் அட்டையை என் கையில் கொடுத்தார். உதறினேன். தண்ணீர் மணி மணியாக உருண்டு விழுந்தது. என் கை ஈரம்; அட்டை ஈரமில்லை. "வியப்பு" என்று எழுதி, மலிவாக இருக்கிறதே என்று அடித்தேன். திரும்பவும் எழுதிவிடுகிறேன். வியப்பாக இருந்தது.)

4

தேர்வன்று முனவர் தன் அட்டைகளைப் பார்க்கவே குவாரிக்குப் போனார். கூரையடியில் பிரவீனா என்ற பெண் நடுங்கிக்கொண்டு நின்றாள். பாரூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, தொப்பலாக நனைந்து வந்தவள். முனவருக்கு மனசு கேட்கவில்லை. பையிலிருந்த துண்டை எடுத்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார்.

"எத்தினியாவது வருசம் கண்ணு?"

"கடைசிங்க்கா. இதுல தேறுனாதான் மாநிலப் போட்டி. அடுத்த வருசம் காலேஜே இல்ல எனக்கு."

ஐந்து குண்டு சுட்டாள். அண்ணாதுரை அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்தார். முக்கால் மணி நேரம் மழையில் நின்ற அட்டை. கோடு கலையவில்லை, ஓரம் உப்பவில்லை. நடுப் பொட்டில் நான்கு ஓட்டைகள். நான்கே நான்கு.

ஐந்தாவது குண்டு அட்டையில் படாமலே போயிருந்தால் தேர்வு போயிற்று. இல்லையென்றால், முன்பே விழுந்த ஓட்டை வழியாகவே அதுவும் போயிருக்க வேண்டும்.

அண்ணாதுரை முனவரைத் தனியே கூப்பிட்டார். "மெழுகு எளகி ஓட்டைய அடைச்சிருக்குமாங்க? அட்டையில கோளாறுன்னு நீங்க சொன்னா, அந்தப் பொண்ணுக்கு மறுபடி அஞ்சு குண்டு குடுக்கறன். சட்டத்துல எடம் இருக்குது."

பிரவீனா தூரத்திலிருந்து முனவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

முனவர் எனக்குச் சொல்லியிருந்தது இதுவரைதான். இங்கே நான் மூன்று நாள் நின்றுவிட்டேன்.

ஒரு முடிவு: முனவர் "ஆமாங்க, கோளாறுதான்" என்கிறார். பிரவீனா மறுபடி சுட்டுத் தேறுகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

இன்னொன்று: முனவர் பதில் சொல்லவில்லை. மழைதான்

(இல்லை. மழைக்கு இங்கே வசனம் கிடையாது.)

முதல் முடிவை முனவருக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"சொல்லத்தான் சார் வாயத் தொறந்தன்," என்றார். "அவ வெரலோட குளிரு இன்னும் என் கையில இருந்துச்சு. ஆனா யோசிங்க. நெசமாவே அவ ஒரே ஓட்டையில ரெண்டு குண்ட விட்டிருந்தா? நான் கோளாறுன்னு சொல்லிட்டா அதை நானே அழிச்சமாதிரி ஆயிடாதா?"

வரைவைக் கிழித்தேன். இந்தப் பெண் பொய் சொல்வாரா மாட்டாரா என்றுதான் நான் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அவர் போய் நின்ற இடம் எனக்கு எட்டவே இல்லை.

6

அண்ணாதுரையிடம் அவர் சொன்னது இதுதான்: "கோளாறு இல்லீங்க. இந்த அட்டை மூடாது. ஊறாததால ஓட்டையோட ஓரம் பட்டது பட்டபடி இருக்கும். ரெண்டு குண்டு போயிருந்தா ஓட்டை ரவுண்டா இருக்காது, காட்டிக் குடுத்துடும். வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க."

அண்ணாதுரை கூரைக்கு வெளியே போய் அட்டையை வானத்துக்கு நேராகத் தூக்கினார். பிரவீனா வந்து முனவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சில்லிட்டிருந்தது முனவரின் கை.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"மூணு ஓட்டை நல்ல ரவுண்டுங்க. அதோட விட்டுடுங்க சார். மிச்சம் அந்தப் பொண்ணோட கதை. என் கதை, அட்டை நல்லாருக்குன்னு சொன்னதோட முடிஞ்சிருச்சு."

பாரூருக்கு பஸ் ஏறினால் தெரிந்துவிடும். நான் ஏறவில்லை. அண்ணாதுரையின் கை இன்னும் மேலேதான் இருக்கிறது. மழை விட்டபாடில்லை. நான்காவது ஓட்டையை நீங்கள் பாருங்கள். அவசரமில்லை, நின்று பாருங்கள். அட்டை நனையாது.