எங்கே கிள்ளினால் கத்துவார்

தொலைக்காட்சி நிலையத்தில் அவளுக்கு 'ஆள்பிடி அக்கா' என்று பெயர். மாலை விவாதத்துக்கு ஆள் பிடித்துத் தருவது வேலை. அரசு எதைக் கொண்டுவந்தாலும் அந்த நிலையம் கைதட்டும். எதிர்க்கட்சிக்காரர் நடத்தும் அடுத்த தெரு நிலையம் அதற்கே ஒப்பாரி வைக்கும். மேசைக்கு இரண்டு பக்கம்தான். நடுவில் நாற்காலி போடும் வழக்கம் இரண்டு இடத்திலும் கிடையாது.

ஆளைப் பிடித்துக் கொடுத்தால் மட்டும் போதாது. வருகிறவரை எங்கே கிள்ளினால் கத்துவார் என்பதையும் நெறியாளன் காதில் போட வேண்டும். தொலைபேசியில் அன்பொழுக நாலு வார்த்தை பேசிப் போட்டு வாங்குவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

அன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம், ஓட்டுநர் இல்லாத பேருந்து. எதிர்த்துப் பேச வேண்டிய ஓட்டுநர் சங்கத் தலைவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். வேறு வழி தெரியாமல், பேருந்து ஓட்டும் தன் கணவனையே கூப்பிட்டாள்.

"நான் முழுசா எதிர்க்கலையே," என்றான் அவன். "பகல்ல ஜனங்க குறுக்கயும் நெடுக்கயும் ஓடுவாங்க. அப்ப மனுஷன்தான் ஓட்டணும். ராத்திரி காலி ரோட்டுல மெஷின் ஓட்டட்டுமே."

"அதையே வந்து சொல்லுங்க. யாரு வேணாங்கிறா?"

ஒப்பனை அறையில் பவுடர் பூசிக்கொண்டிருந்த நெறியாளன் சிரித்தான். "என்னக்கா, இன்னைக்கு ஒண்ணுமே சொல்லல? வீட்டு ஆளுங்கிறதாலயா?"

"அவரு சாது தம்பி. கிள்ளினாலும் கத்தமாட்டாரு."

"ராத்திரிக்கு மட்டும் மெஷின் வேணுங்கிறாருன்னு குறிப்புல எழுதியிருக்கீங்களே, ஏன்?"

"எதிர வர்ற வெளிச்சம் கண்ணுல அடிக்குதாம். கொஞ்ச நாளா ராத்திரி ஓட்டவே பயப்படுறாரு."

சொல்லும்போது அது வெறும் வீட்டுப் பேச்சாகத்தான் இருந்தது. அடுத்த விருந்தாளியின் கார் வந்துவிட்டதா என்று பார்க்க ஓடிவிட்டாள். ஊரையெல்லாம் போட்டு வாங்குகிறவளிடமே ஒருத்தன் போட்டு வாங்கிவிட்டான் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சீருடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்திருந்தான் மனுஷன். பகல், ராத்திரி என்று அவன் ஆரம்பித்ததுதான் தாமதம், நெறியாளன் குறுக்கே புகுந்தான்.

"ராத்திரியில உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. அதை மறைச்சு ஜனங்களை ஏத்திக்கிட்டுப் போறீங்க. உண்டா இல்லையா?"

ஒப்பனை அறையில் தான் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் கத்தவில்லை. கண்ணாடிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"உண்டு," என்றான்.

'பயணிகள் உயிரோடு விளையாடிய ஓட்டுநர்' என்று திரையின் அடியில் எழுத்து ஓட ஆரம்பித்தது. பகல் வண்டி கேட்டு அவன் பணிமனைக்கு நடையாய் நடந்ததும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர்கள் தட்டிக்கழித்ததும் எந்த எழுத்திலும் ஓடவில்லை.

மறுநாள் காலையிலேயே பணிமனையிலிருந்து சொல்லிவிட்டார்கள், கண் பரிசோதனை முடியும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று. போக இடமில்லாவிட்டாலும் பழக்கதோஷத்தில் அவன் கூடத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

அவளுடைய தொலைபேசி அடித்தது. அடுத்த தெரு நிலையத்தில் ஆள் பிடிக்கிற பெண்.

"அண்ணனுக்கு அநியாயம் பண்ணிட்டாங்கக்கா. சாயங்காலம் எங்க பக்கம் வரச் சொல்லுங்க. அழுதார்னா இன்னும் நல்லது. எதைத் தொட்டா அழுவாருன்னு மட்டும் சொல்லிடுங்க."

இவள் ஊராரிடம் பேசுகிற அதே அன்பு, அதே குழைவு. சின்னக் கூடத்தில் எல்லாம் கேட்டது.

"சொல்லேன்," என்றான் அவன், தலை நிமிராமல். "உனக்குத் தெரியாததா?"

வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் வாயாலேயே தன்னை மாட்டிவிடுவதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

"கண் விஷயத்தை வெளிய சொன்னது யாருன்னு கேளுங்க," என்றாள். "அழுதுடுவாரு."

"சூப்பர்க்கா. யாரு அது?"

அவன் எழுந்து வந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டான்.

"நான்தாம்மா சொன்னேன்," என்றான். "என் வீட்டுல சொன்னேன். வேற எங்கயும் சொல்லல."

இணைப்பைத் துண்டித்துவிட்டு, அவளைப் பார்க்காமலே போய் மற்ற ஷூவை எடுத்தான்.