மாதிரி நாற்காலி

விசாரணை அறையில் எனக்குப் போட்டிருந்த நாற்காலி, அசைந்தால் முனகியது. அலுவலகத்துக்கு இதை வாங்கிப் போட்டவனே நான்தான். யாரை நோவது.

எதிரே ஸ்டோர்ஸ் அக்கா. வந்திறங்கிய அறுபது நாற்காலிகளையும் சோதித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டவர். போன மாதம் டைப்பிஸ்ட் ஒருவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அடுத்த வாரமே மொட்டைக் கடிதம்: சப்ளையரிடம் யாரோ கை நீட்டியிருக்கிறார்கள். கையெழுத்து அக்காவுடையது, பழியும் அவர் தலையில். விசாரிக்கக் கொள்முதல் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமென்று என்னைக் குழுவில் சேர்த்தார்கள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

நாற்காலிகள் வந்திறங்கிய அன்றைக்கு அக்கா, "பத்தையாவது உக்காந்து பாத்துடறேன் தம்பி" என்றார்.

"நீங்க உக்காந்து எந்திரிக்கறதுக்குள்ள நமக்கு ரிட்டயர்மென்ட்டே வந்துடும். போடுங்கக்கா, நான் இருக்கேன்ல."

சிரித்துக்கொண்டே போட்டார். நான் சொன்ன நகைச்சுவைக்கு மனிதர்கள் சிரிப்பதே அபூர்வம். அதற்கு இப்படி ஒரு கைம்மாறு.

அவசரத்துக்குக் காரணம் என் வீட்டுக் கூடத்தில் இருந்தது. சப்ளையர் மாதிரிக்கு அனுப்பிய நாற்காலி. பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டியது. "அண்ணிக்கு இடுப்பு வலின்னீங்களே சார், அங்கயே கெடக்கட்டும்" என்றார். லஞ்சம் கவரில் வரும் என்றே நம்பியிருந்தேன். இது சக்கரம் வைத்து உருண்டு வந்தது.

"பாக்காம கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினாங்களா?" என்று விசாரணையை நடத்திய மேலாளர் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி இருக்காரு. அவரு சொல்லட்டும் சார்."

எல்லோரும் திரும்பினார்கள். நாற்காலி முனகியது. நான், "ஒரு டீ சாப்பிட்டுட்டுப் பேசலாமே" என்றேன். டீக்குப் பிறகு மேலாளருக்கு வேறு கூட்டம். விசாரணை மறுநாள் பத்து மணிக்குத் தள்ளிப்போனது.

வீட்டில் மனைவி சப்ளையர் தந்த நாற்காலியில் சாய்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இது வந்தப்புறந்தான் நிமிந்து நடக்கறேன். அந்த சப்ளையர் நல்லா இருக்கணும்."

"கொஞ்சம் எந்திரியேன்."

கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சீட்டு அப்படியே இருந்தது: மாதிரி. திருப்பி அனுப்பவும். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்தபடி போய்த் தரையில் உட்கார்ந்து, மிச்சத்தை நறுக்கினாள்.

மறுநாள் காலை எந்த வண்டியிலும் நாற்காலி நுழையவில்லை. அலுவலகத்தை நோக்கித் தெருவோடு தள்ளிக்கொண்டே நடந்தேன். முன்சக்கரம் ஒன்று மட்டும் வீட்டுப் பக்கமாகவே திரும்பித் திரும்பி இழுத்தது.