அக்லாயாவின் மூன்று வாரம்

அக்லாயா குடியை விட்டு இரண்டு வருஷம் நாலு மாசம் ஆகியிருந்தது. பிள்ளையை அவளிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று நீதிமன்றம் சொன்ன செய்தி வந்தபோது ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஃபோனை வைத்துவிட்டு, மாவுக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாளே பஸ் ஏறி, ப்ரூத் ஆற்றங்கரையில், பிள்ளை வளர்ந்துவந்த பெத்தானியா இல்லத்துக்குப் போனாள். குடிகார வீடு, அடிதடி வீடு, அப்பன் ஜெயிலுக்குப் போன வீடு என்று பல வீடுகளிலிருந்து வந்த பதினான்கு பெண் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். நடத்துகிறவர்கள் ஜெபமும் பாட்டுமாக இருக்கும் ஒரு சிறு கிறிஸ்தவ சபைக்காரர்கள்; அவர்களை 'மனந்திரும்பினதுங்க' என்று ஊரே கேலி பேசும். பிள்ளைக்கு ஆபத்தென்றால் அதே ஊர் அந்தக் கதவைத்தான் தட்டும்.

பொறுப்பாளர் வியோரிகா, சவேத்தாவைக் கைபிடித்துக் கூட்டி வந்தாள். பிள்ளைக்கு ஒன்பது வயது.

"அம்மா, என் பாட்டுப் புஸ்தகத்தை எடுத்து வெச்சியா?"

அக்லாயா பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். கேள்வி வியோரிகாவுக்கு. பிறகுதான் பிள்ளை இவள் பக்கம் திரும்பி, இல்லத்து வழக்கப்படி, "சமாதானம். நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றது.

"இருக்கேன் தங்கம்" என்று அக்லாயா சிரித்து வைத்தாள்.

நாலு வருஷத்துக்கு முந்தைய ஜனவரியில், பிள்ளையின் அழுகை தாங்காமல் அதை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டவள் இவள்தான். பிளம் சாராயம் தலைக்கேறி அப்படியே தூங்கிப்போனாள். பக்கத்து வீட்டு நாஸ்தசியா பனியிலிருந்து பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினாள். இடது காலில் இரண்டு விரல் போயிற்று.

இப்போது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். கம்பளி வைத்த பூட்ஸ் வாங்கி வைத்திருந்தாள். கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்திருந்தாள்.

சவேத்தா சொன்ன பேச்சு தட்டவில்லை. தட்டைத் தானே கழுவினாள். தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்டாள்.

"பிள்ளைன்னா இதுதான்டி பிள்ளை! என் வீட்டுல ரெண்டு பிசாசு இருக்கு, வேணும்னா மாத்திக்குவோமா?" என்றாள் நாஸ்தசியா.

அக்லாயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிசாசுகள் சண்டை போட்டன, அடம் பிடித்தன. இவள் பிள்ளை எதுவும் வேண்டுமென்று கேட்கவில்லை.

மூன்றாவது வாரம், ஒரு விடியற்காலை. வேலைக்குக் கிளம்புமுன் அடுப்பு மூட்ட எழுந்தவள், பிள்ளையின் போர்வை விலகியிருப்பதைப் பார்த்தாள். கோட்டும் பூட்ஸும் போட்டபடி படுத்திருந்தது. குளிரோ என்று தொட்டாள். தொட்டதுதான் தாமதம், சவேத்தா எழுந்து போய்க் கதவோரம் நின்றாள்.

"போகட்டுமா?"

"எங்கடி?"

"வெளிய."

அக்லாயா கிட்டே போனாள். "பூட்ஸ் போட்டுட்டு ஏன் கண்ணு தூங்கறே?"

"அன்னிக்குப் போடறதுக்குள்ள கதவைச் சாத்திட்டீங்க." குறை சொல்கிற குரல் இல்லை அது, மணி என்ன என்று கேட்டால் சொல்கிற குரல். "நீங்க தூங்கினப்புறம்தான் போட்டுக்குவேன். அடியைத் துடைச்சிடுவேன், மெத்தை அழுக்காகாது."

அக்லாயா மண்டியிட்டாள். "பாரு, கதவுல தாழ்ப்பாளே இல்ல. அம்மா இனிமே சாராயத்தைத் தொடவே மாட்டேன்டி."

"தெரியும். வந்தன்னிக்கே பாத்தேன்."

"அப்புறம் என்னடி?"

பிள்ளை யோசித்தது. "எனக்குத் தெரியுது. காலுக்குத்தான் தெரியமாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை அவளை இல்லத்துக்கே திரும்பக் கூட்டிப்போனாள்.

"என்ன காரியம் பண்றே?" என்று வியோரிகா பதறினாள். "ரெண்டு வருஷம் தவம் கிடந்தியே! மூணு வாரத்துல என்ன தெரியும்? கொஞ்சம் பொறு, ஜெபம் பண்ணுவோம்."

"நான் பொறுப்பேன்க்கா, எத்தனை வருஷம்னாலும். ஆனா அவ தூங்கணுமே. மூணு வாரமா அவ தூங்கல."

வியோரிகாவின் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. வெட்கப்பட்டு அவள் தலை குனிந்துகொண்டாள். அக்லாயா பார்த்தாள், கோபம் வரவில்லை.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று சவேத்தா கேட்டாள்.

"இல்லடி ராசாத்தி. நீ ஒண்ணுமே பண்ணல."

"அழாதீங்க. அடுத்த ஞாயிறு வாங்க, கேக் தருவாங்க." சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

அக்லாயா வாசல் கேட்டைத் தாண்டியிருக்க மாட்டாள், உள்ளே பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. அதற்கு நடுவே ஒரு சிரிப்பு, கெக்கெக்கென்று மூச்சு வாங்கி வாங்கி. யாருடையது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது அடங்கும்வரை நின்றாள். அப்புறம் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அடுத்த ஞாயிறும் போனாள், அதற்கடுத்த ஞாயிறும். பனியில் பஸ் ஓடாத நாட்களில் நடந்தே போனாள். சவேத்தா அந்த இல்லத்திலேயே வளர்ந்து பெரியவளானாள்.