நாலு விரல் உயரம்

ஆஸ்பத்திரியிலிருந்து பரிசோதனைக் கூடத்துக்கு ரத்தக் குப்பிகளைச் சைக்கிளில் கொண்டுபோவதுதான் நெட்டையனின் வேலை. சைக்கிள் சீட்டுகள் திருட்டுப் போகாமலிருக்க, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வைத்து வெல்டிங் அடித்திருந்தார் மேலாளர். அவர் வேறு யாருமில்லை, நெட்டையனின் அக்கா புருஷன். இரண்டு வருடம் சும்மா கிடந்தவனுக்கு இந்த வேலையைப் போட்டுக் கொடுத்தவரும் அவரே.

அந்தத் தாழ்ந்த சீட்டில் மிதித்து ஆறே மாதத்தில் முழங்கால் வீங்கிவிட்டது. சைக்கிள் கடைக்காரம்மா அவனைத் தன் வண்டியில் உட்காரவைத்து, சீட்டை நாலு விரல் உயர்த்தினாள்.

"பெடல் கீழ போறப்ப முட்டி லேசா மடங்கியிருந்தா போதும். ஓட்டிப் பாருங்க."

தெருமுனை வரை போய்வந்தான். வலி இல்லை. இறங்கத்தான் மனம் வரவில்லை.

"உங்க வண்டியில வெல்டிங்க அறுத்தாத்தான் தம்பி இப்படி உயர்த்த முடியும்," என்றாள் அவள்.

அக்காவிடம் சொன்னபோது அவள் முகம் வெளிறியது. "அவர்கிட்ட கேட்டுறாதடா. உன்னை அவர் தலையில கட்டிட்டேன்னு தினமும் குத்திக் காட்டுறாரு. கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

மறுநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டான். மச்சான் காகிதத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"அந்த சீட்டுக்கு ஏத்த ஆளுங்க வெளிய வரிசையில நிக்கிறாங்க மாப்ள. கூப்பிடட்டுமா?"

"வேணாம் மச்சான்."

பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். எழுந்து நின்று மிதித்தால் கால் நீளும். ஆனால் குப்பிகள் குலுங்கிவிடும். அதனால் உட்கார்ந்தே மிதித்தான்.