மூக்குக்காரியின் ஈஸ்டர் பன்

காய்ச்சலில் போன வாசனை மூக்குக்காரிக்குத் திரும்பி வரவே இல்லை. பட்டையும் ஒன்றுதான், பினாயிலும் ஒன்றுதான். இதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. எப்படி விடுவாள்? ஈஸ்டர் பன்னுக்கு மசாலா கலக்கும் வேலையை, பெற்ற மகள் இருக்கும்போதே மருமகளான இவளிடம் மாமியார் கொடுத்தது அந்த மூக்குக்காகத்தான். பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். "என் மகளுக்கு மூக்கு மொண்ணை" என்று பத்துப் பேர் முன்னால் வேறு சொல்லி வைத்தார், மகராசி. பெற்ற பிள்ளையை அப்படியா சொல்வது?

இந்த முறை பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் கண் அளவிலேயே போட்டுப் பிசைந்தாள். பாலைச் சூடாக்கி மாவுக்கு வேண்டியதை ஊற்றிக்கொண்டு, மீதியைச் சிறு தீயில் விட்டிருந்தாள். உள்ளறையில் குழந்தை சிணுங்கியது, ஓடினாள். தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்துத் திரும்புவதற்குள் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. தீ இல்லை என்பதை மட்டும் பார்த்தவள், நான்தான் அணைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். திருகு திறந்தே கிடந்தது. கேஸ் வந்துகொண்டே இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அடுத்த நிமிடமே மூக்கைப் பொத்தியிருப்பார்கள்.

போதாக்குறைக்கு, ஈஸ்ட் போட்ட மாவுக்குக் காற்றுப் படக்கூடாதாம். ஜன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்தினாள். வாசல் கதவின் அடியில் ஈரத்துணியைத் திணித்தாள். மாவென்னவோ நன்றாகத்தான் உப்பியது. உருண்டை பிடித்துத் தட்டில் அடுக்கினாள். குழந்தை அசையாமல் தூங்கியது. அடம்பிடிக்காமல் தூங்குகிறதே என்று சந்தோஷம் வேறு.

சளியும் கைக்குட்டையுமாக நாத்தனார் வந்தாள். கதவைத் தள்ளி உள்ளே நுழைந்ததும் முகம் சுளித்தாள்.

"ஏதோ நாத்தம் அடிக்குதே அண்ணி. அழுகின முட்டை மாதிரி."

விஷயம் தெரிந்துபோய் ஆழம் பார்க்கிறாளோ? மூக்குக்காரி வேண்டுமென்றே மூச்சை நன்றாக இழுத்துவிட்டாள்.

"ஈஸ்ட் புளிச்சா அப்படித்தான் இருக்கும். ஜாதிக்காயும் கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கேன்."

"அப்படியா? எனக்குச் சளி வேற. அம்மா சொல்ற மாதிரி, நமக்கெல்லாம் மூக்கு எதுக்குன்னே தெரியல." சிரித்தபடியே நாத்தனார் கதவைச் சாத்தி, துணியைக் காலால் பழையபடி தள்ளிவிட்டாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "தீப்பெட்டி எங்க? நீங்க சிலுவை போடுங்க, நான் ஓவனைப் பத்த வைக்கிறேன்."

மூக்குக்காரி மாவுக்கூழால் ஒவ்வொரு பன்னின் மேலும் சிலுவை போட்டாள். மேலே கொஞ்சம் பால் தடவினால் நன்றாகச் சிவக்கும் என்று தோன்றவே, அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் தூக்கினாள். அடியில் பர்னர் முழுக்கப் பாலாடை காய்ந்து ஒட்டியிருந்தது. திருகைப் பார்த்தாள். அது திறந்தே கிடந்தது.

பின்னால் தீப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். "கொளுத்தாதே. அது ஈஸ்ட் இல்ல, கேஸ். எனக்கு மூக்கு செத்துப்போச்சு. காய்ச்சல் வந்ததுலேர்ந்தே ஒண்ணும் தெரியல."

திருகை மூடி, ஜன்னல்களைத் திறந்து, குழந்தையை வாரிக்கொண்டு இருவரும் தெருவுக்கு ஓடினார்கள். குழந்தையின் தலை தோளில் துவண்டு கிடந்தது. உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். கடவுளே, என் வாய்க்கொழுப்புக்கு இதையா எடுத்துக்கொள்வாய் என்று மனசுக்குள் கதறினாள். ஒரு வழியாக அது இருமியது, பிறகு வீறிட்டு அழுதது.

நாத்தனார் கையில் அந்தத் தீக்குச்சி இன்னும் இருந்தது.

"உள்ள வந்ததுமே கேஸ் மாதிரி எனக்குத் தெரிஞ்சுது அண்ணி," என்றாள். "உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு சும்மா இருந்துட்டேன்."