யாமுருவுக்கு ஒரு சிரிப்பு

“கொம்மா சிரிச்சவவோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு பிள்ளை!”

தொலைபேசியின் மறுமுனையில், பப்புவா மிஷனில் இருக்கும் மன்னார்க்காரி சிஸ்ரர் பேர்ணடெற் கத்திய கத்தில், ஜூலி ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

“சிஸ்ரர், இது செத்தவீடு! பக்கத்து ஹோல்ல அப்பாவைப் பெட்டியில வச்சிருக்கு. பாதி ஸ்காபரோ வந்து நிக்குது. இதுக்குள்ள அம்மா எப்பிடிச் சிரிப்பா?”

“அதைத்தானே நானும் கேக்கிறன். எப்ப சிரிப்பா?”

ஜூலியின் அப்பா சீமோன் போய் இரண்டு நாளாகிறது. டோர்செட் பார்க் அடுக்குமாடியில், காலைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் நெஞ்சைப் பிடித்தார், முடிந்துவிட்டது. மன்னாரில் பிறந்த மனிதர். எழுபதுகளில் பேப்பர் விளம்பரம் பார்த்து, கல்யாணமான கையோடு மனைவி யூஜினியையும் கூட்டிக்கொண்டு, பப்புவா மலைகளுக்குள் ஒளிந்திருந்த யாமுரு என்ற ஊருக்குக் கணக்குப் படிப்பிக்கப் போனவர். தேசப்படத்தில் அந்த ஊருக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. ரோட்டு இல்லை, கரண்ட் இல்லை. ஜூலி பிறந்தது அங்கேதான். அவளுக்குப் பதினான்கு வயதானபோது குடும்பம் கனடாவுக்கு வந்தது. சீமோன் ஆள்தான் வந்தார், பேச்சு முழுக்க யாமுருதான்.

அந்த யாமுருவில் ஒரு வழக்கம். ஒருவர் செத்தால், அவருடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு இன்னொருவர் அவரைப்போலவே ஆடி நடந்து காட்டவேண்டும். அதைப் பார்த்து விதவை வாய்விட்டுச் சிரிக்கவேண்டும். சிரித்தால் போனவர் நல்லபடி போனார். சிரிக்கும்வரை ஊரில் யாரும் தோட்டத்தில் கால்வைக்க மாட்டார்கள். தோளில் சுமை ஏற்ற மாட்டார்கள். சீமோன் அவர்களுக்கு வெளியாள் அல்ல. சேதி ரேடியோவில் போன நிமிடமே ஊர் மொத்தமும் குந்திவிட்டது.

குந்தட்டும், அதற்கென்ன என்று விடலாம். விடமுடியாமல் செய்தது கோப்பி.

“நாளைக்கு மத்தியானம் கோப்பி வாங்கிற பிளேன் வருது பிள்ளை. எத்தினை வருசத்துக்குப் பிறகு! சாக்கெல்லாம் வீட்டுக்குள்ள. பிளேன் இறங்கிற இடம் மலைக்குக் கீழ. இண்டைக்குக் காலமை வெளிக்கிட்டாத்தான் போய்ச் சேரலாம். வெறும் பிளேன் திரும்பிப் போச்செண்டா அந்த முதலாளி இனி எட்டியும் பாக்கமாட்டான். பள்ளிக்கூடக் கூரை, மருந்துக்கொட்டில், பிள்ளையளின்ர பீஸ் எல்லாம் அந்தச் சாக்குக்குள்ளதான் கிடக்குது.”

“சிரிச்சிட்டா எண்டு சொல்லிவிடுங்கோவன்.”

“நான் கன்னியாஸ்திரி, பிள்ளை! அதோட அவையள் காதால கேக்கோணுமாம். நான் மிஷனில ரேடியோ மைக்கையும் ரெலிபோனையும் முகத்தோட முகம் ஒட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அங்கால ஊரே ரேடியோவைச் சுத்திக் குந்தியிருக்குது. நீயே நடிக்கட்டாம் எண்டு கூமா சொல்றான். நீ அந்த மண்ணில பிறந்தனியாம்.”

கூமா ஊர்ப் பெரியவன். சீமோனோடு ஒரே சட்டியில் தின்ற சிநேகிதன்.

ஸ்காபரோவில் மாலை. யாமுருவில் அடுத்த நாள் விடிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிமிடமும் பிளேன் பக்கம் சாய்ந்தது.

“வைக்காதையுங்கோ சிஸ்ரர்!”

ரிசீவரை மேசையில் கிடத்தினாள் ஜூலி. மூலையில் வீட்டிலிருந்து உடுப்புக் கொண்டுவந்த பை. அதற்குள் அப்பாவின் நீளக் கோட்டு, காதுவரை இழுக்கும் கம்பளித் தொப்பி. இரண்டையும் மாட்டிக்கொண்டு திரும்பினால், கதவை அடைத்தபடி சித்தப்பா அலெக்ஸாண்டர்.

“என்ன கோலம் இது?”

விறுவிறென்று சொல்லி முடித்தாள். சித்தப்பாவின் மூக்கு விடைத்தது.

“விசரே உனக்கு? உள்ள ஃபாதர் செபமாலை சொல்லிக்கொண்டு நிக்கிறார். ஆரோ காட்டுச்சனம் சொன்னதெண்டு...”

“தள்ளுங்கோ சித்தப்பா.”

“சனம் காறித் துப்பும்!”

“துப்பட்டும். குடை கொண்டந்தனீங்கள்தானே?”

அவர் வாயை மூடுவதற்குள் அவருடைய கைக்கு அடியால் நுழைந்து ஜூலி ஹோலுக்குள் பாய்ந்துவிட்டாள்.

செபமாலை நடு மணியில் நின்றது. ஏப்ரல் மாதத்தில் எதிர்பாராமல் கொட்டிய சினோப் பனியில் அப்பா பஸ்ஸுக்கு ஓடுவாரே, அந்த ஓட்டத்தைப் பிடித்தாள். வழுக்கினாள். கையை ஆட்டி ட்ரைவரை மறித்தாள். “பொறும் மோனை, பொறும்!” என்று அப்பாவின் குரலில் கூவினாள். முன்வரிசையில் யோகமலர் அன்ரி பக்கத்தில் இருந்தவளைத் தட்டி, “ஐயோ பாவம், பெட்டைக்குத் தகப்பன் போன கவலையில மூளை பிசகிட்டுது,” என்றாள். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

அம்மா? கல்லு. இரண்டு நாளாக அழவும் இல்லை, பேசவும் இல்லை. அதே முகம்.

ஜூலி இன்னொருமுறை வழுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. எங்கோ ஒரு மலையில் சாக்குகள் அசையாமல் கிடந்தன.

“அண்ணி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்று சித்தப்பா ஓடிவந்தார். “அந்தக் காட்டுச்சனம்தான் பிள்ளையை ஏவி விட்டிருக்குதுகள்...”

“அலெக்ஸ்.”

அம்மாவின் வாய் திறந்தது.

“இவளை நான் பெறேக்க ஏந்தினது அந்தச் சனத்தின்ர கையள். அப்பிடிச் சொல்லாதையும்.” பிறகு மகளைப் பார்த்தாள். “உது கொப்பற்ற நடையே இல்லையடி. கழட்டு.”

“அம்மா?”

“கோட்டைக் கழட்டு எண்டு சொல்றன்.”

கழற்றினாள். அம்மா அதை வாங்கி உதறித் தானே போட்டுக்கொண்டு, ஹோலின் நடுவே போய் நின்றாள்.

“யாமுருவுக்கு முதல் பிளேன் வந்த நாள்,” என்றாள். “ஊரே மண்வெட்டியால கொத்திக் கொத்திச் செய்த இடம். இவரும் கொத்தினவர். பிளேனில ஆயர் வாறார். வரவேற்புரை இவர். சரிகைக் கரை வச்ச வேட்டி, கையில பேச்சுக் கடுதாசி. பிளேன் பக்கத்தில வந்து திரும்பிச்சுது பாருங்கோ. அந்தக் காத்தாடிக் காத்து...”

அம்மா இரண்டு கைகளாலும் இல்லாத கடுதாசியை இறுக்கிப் பிடித்தாள். கோட்டின் கீழ்ப்பக்கம் படபடத்தது. முழங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டின.

“கடுதாசியை விட்டா வேட்டியைப் பிடிக்கலாம். வேட்டியைப் பிடிச்சா கடுதாசி பறந்திடும். என்ர மனுசன் கடுதாசியை விடேல்லை!”

வேட்டி போன திசையைக் கண் ஒருதரம் மட்டும் எட்டிப் பார்த்தது. உடனே நாடி உயர்ந்தது. “வணக்கத்துக்குரிய ஆயர் ஆண்டகை அவர்களே...” என்று கனத்த குரலில், முழங்கால்களை ஒட்டியபடியே, பெட்டிவரை ஒரு நடை நடந்தாள்.

முதலில் உடைந்தது சித்தப்பா. ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். யோகமலர் அன்ரி சேலைத் தலைப்பை வாயில் திணித்தாள். செபமாலையை நெற்றியில் ஒற்றியபடி ஃபாதர் சுவர்ப்பக்கம் திரும்பினார்; தோள் மட்டும் ஆடியது. ஹோலே அதிர்ந்தது.

சிரிக்காதது ஒரே ஒருத்தி. அம்மா!

ஜூலிக்கு அழுகை முட்டியது. வந்த சனத்தைச் சிரிக்கவைத்து என்ன பயன்?

அம்மா பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். கழுத்தில் ரை கட்டி, நாடியை உயர்த்தி, கண்ணை மூடிக் கிடந்தார் சீமோன்.

“பாரன்,” என்றாள் மெல்ல. “இப்பவும்... வேட்டி போகாத மாதிரி அதே மூஞ்சை வச்சுக்கொண்டெல்லோ கிடக்கிறார்!”

அவள் தோள் ஒருமுறை துள்ளியது.

“சித்தப்பா, போன்!”

அலெக்ஸாண்டர் பறந்தார். மேசை, வயர் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ரிசீவரைக் கதவுவரை கொண்டுவந்து, கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்தார். அம்மா சிரித்தாள். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட, நிற்காமல் சிரித்தாள்.

ரிசீவருக்குள் கரகரப்பு. பிறகு தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல ஓர் ஆரவாரம். சித்தப்பாவே நடுங்கிப் போய், “கேட்டுட்டாங்கள்!” என்று கூவினார். “பிள்ளை, கேட்டுட்டாங்கள்!”

அம்மா வந்து அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

“சிஸ்ரர், கூமா நிக்கிறானோ? ரெண்டு சொல்லுக் கதைப்பம்.”

“ஆர் நிக்கிறான்? முதல் சாக்கு அவன்ர தோளிலதான். ரேடியோக்காரப் பெடியனும் ஓடிட்டான். அங்கத்தை மைக்கின்ர பட்டனுக்கு மேல எதையோ வச்சிட்டுப் போட்டாங்கள் போல, யூஜினி. நாய் ஒண்டு குரைக்கிறது மட்டும்தான் கேக்குது. வைக்கட்டோ?”

“வைக்காதையுங்கோ.”

அம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். உள்ளே செபமாலை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. ரிசீவரில் நாய் குரைத்தது.

“ம்,” என்றாள் அம்மா.

அது மறுபடி குரைத்தது.

“ம்.”